சொட்டு நீரில் உரம் சீராகக் கலக்கிறதா?

ஒரு ஏக்கர் வாழைத் தோட்டம். கன்று வாங்கியது ஒரே இடத்தில், நட்டது ஒரே நாளில். தண்ணீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் நடுவரப்புக்கு மேற்கே நிற்கும் மரங்கள் கரும்பச்சையாக வளர்ந்து, சிலவற்றில் இலை ஓரம் கருகிக் கிடக்கிறது. கிழக்கே நிற்பவை வெளிர்ந்து, தண்டு பருக்காமல் இருக்கின்றன. விவசாயி முதலில் மண்ணைச் சந்தேகப்படுவார். பிறகு கன்றைச் சந்தேகப்படுவார். அதற்கும் பிறகு ஏதோ நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பார். உரம் சொட்டு நீர்க் குழாய் வழியாகப் போகிற தோட்டமாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான்.

உரத்தைக் கரைத்துத் தண்ணீரோடு அனுப்பினால் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு போய்ச் சேரும் என்பதுதான் சொட்டு நீர் உரப் பாசனத்தின் அடிப்படை. இது உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வருமுன் உரக் கரைசல் தண்ணீரில் முழுவதும் கலந்திருக்க வேண்டும். கலக்கவில்லை என்றால் ஒரு கிளைக்கு உரம் மிகுதியாகவும், இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும்.

இது எப்படி நேரும் என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தண்ணீர் வேகமாக ஓடும்போது தானாகவே கலந்துவிடாதா? கலக்கும், ஆனால் உடனே கலக்காது. இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சிறிது தூரம் வரை பக்கம் பக்கமாகத் தனித்தனியே ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். குழாய்க்குள்ளும் அதுவே நடக்கிறது. வென்சுரி வழியாக வரும் கரைசல், மெயின் குழாயின் ஒரு பக்கத்தில் உள்ள டீ வழியாக நுழைந்து, அந்தப் பக்கச் சுவரை ஒட்டியே ஒரு சரடாக ஓடும். கரைசல் தண்ணீரைவிடக் கனமானதும்கூட. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. லிட்டருக்கு 100 கிராம் பொட்டாஷ் இருக்குமாறு கரைத்தால் அந்தக் கரைசல் லிட்டருக்கு ஏறக்குறைய 1,060 கிராம் எடை இருக்கும். ஓட்டம் மெதுவாக இருந்தால் இந்தக் கனமும் கரைசலைக் குழாயின் அடிப்பக்கம் தங்க வைக்கும்.

சாதாரணக் குழாயில் ஓடும் தண்ணீர் தானாகக் கலந்து முடிய, குழாயின் விட்டத்தைப் போல் 50 முதல் 100 மடங்கு நீளம் வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 63 மில்லிமீட்டர் குழாய் என்றால் சுமார் 3 முதல் 6 மீட்டர். 75 மில்லிமீட்டர் குழாய் என்றால் சுமார் 4 முதல் 7.5 மீட்டர். வென்சுரியிலிருந்து முதல் பிரிவு வரை இவ்வளவு தூரம் நேராகக் கிடைக்கும் தோட்டத்தில் கவலை இல்லை. பல தோட்டங்களில் மோட்டார் அறைக்கு வெளியிலேயே, ஒரு முழ தூரத்தில், இரண்டு மூன்று வால்வுகளை வரிசையாக வைத்துக் குழாயைப் பிரித்துவிடுகிறார்கள். திறக்க, மூடச் சௌகரியம் என்பது காரணம். வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாய்ச்சினால் இதனால் கெடுதல் அதிகம் இல்லை. மின்சாரம் கிடைக்கும் நேரம் போதவில்லை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து உரம் விடும்போதுதான் வினை வருகிறது.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு தவணைக்கு ஒரு ஏக்கருக்கு 4 கிலோ யூரியாவும் 2 கிலோ வெள்ளைப் பொட்டாஷும், ஆக 6 கிலோ கரைத்து விடுவதாக வைத்துக் கொள்வோம். பாதி ஏக்கருக்கு 3 கிலோ போக வேண்டும். சரடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்றில் இரண்டு பங்கு மேற்குக் குழாயில் போய்விட்டால், மேற்கே 4 கிலோ, கிழக்கே 2 கிலோ. ஒரு தவணையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை என்று இருபது வாரம் போனால் மேற்கே 80 கிலோ, கிழக்கே 40 கிலோ. பயிர் காட்டிக் கொடுத்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

எதையும் வாங்குமுன் தன் தோட்டத்தில் இந்தக் குறை உண்டா என்று பார்த்துக் கொள்வது நல்லது. இனிப்புக்குப் போடும் சிவப்புக் கலர்ப் பொடியைக் கெட்டியாகக் கரைத்து, உரத்துக்குப் பதிலாக வென்சுரிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வால்வுகளும் திறந்திருக்கட்டும். கால் மணி நேரம் கழித்து, மேற்கிலும் கிழக்கிலும் முதல் வரிசையின் முதல் டிரிப்பருக்குக் கீழே ஒரே நேரத்தில் வெள்ளைக் கிண்ணங்களை வைத்துப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நிறம் ஒன்றாக இருந்தால் கலக்கிறது. ஒன்று அடர்த்தியாகவும் ஒன்று வெளிர்ந்தும் இருந்தால் கலக்கவில்லை.

உப்பின் அளவு காட்டும் சிறிய மின்கடத்து மீட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. யூரியாவை மட்டும் கரைத்து விட்டு மீட்டரால் பார்த்தால் ஒன்றுமே காட்டாது. யூரியா நீரில் கரைந்தாலும் உப்பாகப் பிரிவதில்லை. மின்சாரத்தைக் கடத்துவதும் இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வீணே கடைக்குப் போக வேண்டாம். பொட்டாஷ் கரைசலை வைத்துச் சோதிக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் பொட்டாஷ் சேர்ந்தால் மீட்டரில் ஏறக்குறைய 1.8 கூடும். முதலில் வெறும் கிணற்றுத் தண்ணீருக்கு மீட்டர் காட்டுவதைக் குறித்துக் கொண்டு, அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

முறுக்குத் தகடு செய்யும் வேலை

குழாய்க்குள் கலக்காத குறைக்கு ஆலைகளில் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். ஸ்டாடிக் மிக்சர் என்று கடைகளில் சொல்லும் அதைத் தமிழில் அசையாக் கலப்பான் எனலாம். மோட்டார் இல்லை, சுழலும் பாகம் இல்லை, மின்சாரமும் வேண்டாம். ஒரு முழம் நீளக் குழாய்; அதற்குள் முறுக்கிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவ்வளவுதான். இந்த முறுக்குத் தகட்டு வகைக்கு 1960களின் நடுவில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரக் கரைசலையும் குளோரினையும் ஓடும் நீரில் கலக்க இது பயன்படுகிறது. ரசாயன ஆலைகளிலும் பெயின்ட் ஆலைகளிலும் உண்டு.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பனையோலை நறுக்கின் இரு முனைகளையும் பிடித்து அரைச் சுற்று முறுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் ஒவ்வொரு தகடும். முதல் தகடு வலப்புறம் முறுக்கியது, அடுத்தது இடப்புறம். முதல் தகட்டின் கடைசி ஓரமும் அடுத்த தகட்டின் முதல் ஓரமும் கூட்டல் குறி போல் குறுக்காக நிற்கும். வரும் தண்ணீரை முதல் தகடு இரண்டாக வெட்டித் திருப்புகிறது. இரண்டாவது தகடு அந்த இரண்டையும் குறுக்கே வெட்டி நான்காக்கி எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அடுத்தது எட்டு, பிறகு பதினாறு. ஆறு தகடுகளைக் கடந்தால் 64 பகுதிகளாகிவிடும். ஜவ்வு மிட்டாய்க்காரர் பாகை இழுத்து மடித்து, மறுபடி இழுத்து மடிப்பதைப் போன்றதுதான். தேன் போன்ற கெட்டித் திரவங்களில் இந்த மடிப்புக் கணக்கு அப்படியே நடக்கும். அவற்றுக்குத் தகடுகளும் நிறைய வேண்டும். தண்ணீர் வேகமாகப் போவதால், தகட்டில் மோதி எழும் சுழிகளே பெரும்பாலான கலப்பைச் செய்துவிடும். ஆகவே தண்ணீருக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு தகடுகள் போதும். 6 மீட்டர் குழாயில் நடக்க வேண்டிய கலப்பு அரை மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

இதனால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. குழாயின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளதை இது கலக்கும். முன்னால் போய்விட்டதையும் பின்னால் வருவதையும் கலக்காது. வென்சுரிக்குப் பதில் விட்டு விட்டுத் தள்ளும் உரப் பம்பு வைத்திருந்து, அது மெதுவாக அடித்தால், ஒரு தள்ளு உரம், பிறகு வெறும் தண்ணீர், மறுபடி ஒரு தள்ளு உரம் என்று கட்டி கட்டியாகவே தண்ணீர் போகும். அதற்கு மருந்து பம்பின் வேகத்தைச் சரி செய்வது. கலப்பான் வாங்குவது அல்ல.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லோருக்கும் இது வேண்டும் என்று சொல்வதற்கில்லை. வென்சுரிக்குப் பிறகு வலை வடிகட்டியோ தட்டு வடிகட்டியோ இருந்தால், அதற்குள் தண்ணீர் சுற்றித் திரும்பி வருவதிலேயே பெருமளவு கலந்துவிடும். அதன் பிறகு ஆறேழு மீட்டர் தூரம் குழாய் பிரியாமல் போனால் வேறொன்றும் வேண்டாம். கிண்ணச் சோதனையில் நிறம் ஒன்றாகத் தெரிகிற விவசாயி கலப்பானுக்குச் செலவு செய்வது வீண். நிறம் வேறுபட்டால்கூட, முதல் வழி செலவில்லாத வழி: உரம் விடும் நாளில் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாதி உரத்தை ஒன்றுக்கும் மீதியை இன்னொன்றுக்கும் தனித்தனியே விடுவது. இரண்டாவது வழி, வென்சுரியைப் பிரிவிலிருந்து பின்னுக்குத் தள்ளி வைப்பது. இடையில் இரண்டு எல்போ வைத்துக் குழாயை மடக்கினாலும் கலப்பு கூடும்.

வால்வுகளை ஒன்றாகத் திறந்தே தீர வேண்டியவர்கள், ஒரே ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இரண்டு மூன்று பங்காளிகளின் நிலத்துக்குப் பிரித்துப் பாய்ச்சுபவர்கள், அடைப்பு நீக்க அமிலம் விடுபவர்கள், பசுமைக் குடில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குக் கலப்பான் பயன் தரும். பங்காளி நிலம் என்றால் உரம் யாருக்கு அதிகம் போயிற்று என்ற பேச்சே எழாமல் இருக்கும்.

சிலர் குழாய்க்குள் கோலிக்குண்டுகளைப் போட்டும், தகரத்தைத் தாமே முறுக்கிச் செருகியும் பார்க்கிறார்கள். தகரம் உரக் கரைசலில் சில மாதங்களில் துருப்பிடித்துத் துண்டு துண்டாகும். அந்தத் துண்டு போய் வால்வுக்குள் உட்கார்ந்து கொண்டால் தரையைத் தோண்ட வேண்டி வரும். பி.வி.சி. அல்லது பாலிபுரோப்பிலினில் செய்த கலப்பானே உரத்துக்கும் அமிலத்துக்கும் தாங்கும். இரும்பு, அலுமினியம், ஜி.ஐ. ஆகியவை ஆகா.

பொருத்தும் முறை

மோட்டாரிலிருந்து தொடங்கினால் வரிசை இப்படி வர வேண்டும். முதலில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு. பிறகு, திறந்த கிணறு என்றால் பாசியைப் பிடிக்க மணல் வடிகட்டி. மணல் வரும் ஆழ்குழாய்க் கிணறு என்றால் சுழல் வடிகட்டி. அதன் பிறகு வென்சுரி. வென்சுரியை அடுத்துக் கலப்பான். கலப்பானுக்குப் பின் வலை வடிகட்டி அல்லது தட்டு வடிகட்டி. அதற்கு அப்பால்தான் குழாய் பிரியலாம். கடைசி வடிகட்டி உரத்துக்குப் பிறகு இருக்க வேண்டியதன் காரணம், கரையாத துகள்கள் டிரிப்பருக்குப் போகாமல் அங்கே பிடிபட வேண்டும் என்பது. கலப்பானுக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்க வேண்டியதன் காரணம் வேறு. பாசி, தென்னை நார், தலைமுடி போன்றவை தகட்டின் முன் ஓரத்தில் குதிரையில் ஏறிய மாதிரி இரு பக்கமும் தொங்கி மாட்டிக் கொள்ளும். ஒரு நார் மாட்டினால் அடுத்து வருவதெல்லாம் அதைப் பிடித்துக் கொள்ளும்.

கலப்பானை நேரடியாகப் பசை போட்டு ஒட்டிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கழற்ற முடியாத கலப்பான் நாளை அடைத்துக் கொண்டால் குழாயை அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் யூனியன் வைத்துப் பொருத்த வேண்டும். பெரிய குழாயானால் பிளாஞ்ச் வைக்கலாம். யூனியனை ஒட்டும்போது பசையை அளவாகப் பூச வேண்டும். மிகுதியான பசை உட்புறம் வழிந்து தகட்டில் உறைந்துவிட்டால், அந்த மேட்டிலேயே அழுக்குச் சேரத் தொடங்கும். பசை காய்ந்த பிறகுதான் கலப்பானை உள்ளே வைத்து மூட வேண்டும். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று போதும். பலம் காட்டினால் பிளாஸ்டிக் மரை வெடிக்கும்.

குழாயைப் படுக்கையாகவோ நிமிர்த்தியோ வைக்கலாம். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கீழிருந்து மேலே போகுமாறு வைப்பது நல்லது, காற்று தங்காது. உரம் நுழையும் இடத்துக்கும் முதல் தகட்டுக்கும் இடையே தூரம் குறைவாக இருக்கட்டும். முதல் தகட்டின் முன் ஓரம் எப்படி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உரம் பக்கவாட்டில் நுழைந்தால், அந்தச் சரடின் மேல் தகட்டு ஓரம் விழுந்து அதை இரண்டாக வெட்ட வேண்டும். சரடு முழுவதும் ஒரே அறைக்குள் போகுமாறு நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நுழையும் உரத்துக்கு ஓரம் படுக்கையாக, தரைக்கு இணையாக நின்றால் சரி. ஆலைகளில் உரம் நுழையும் குழாய் முனையை மெயின் குழாயின் நடுமையம் வரை நீட்டி வைப்பார்கள். இது முடிந்தால் சிறப்பு.

கலப்பானுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் மீட்டர் இருப்பது அவசியம். தகடுகள் தண்ணீரைத் தடுக்கின்றன. அதே நீளமுள்ள வெறும் குழாயைவிடப் பல மடங்கு அழுத்தம் இங்கே குறையும். வென்சுரிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வென்சுரி உறிஞ்ச வேண்டுமானால் அதன் நுழைவாயில் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிவாயிலில் குறைந்திருக்க வேண்டும். உள்ளே 2 கிலோ அழுத்தம் என்றால் வெளியே 1.3 கிலோ அளவில் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள கேட் வால்வைச் சிறிது சிறிதாக மூடி இதைக் கொண்டு வருகிறோம். வென்சுரிக்குப் பின்னால் கலப்பானைச் சேர்த்ததும் வெளிவாயிலில் எதிர் அழுத்தம் ஏறும், உறிஞ்சுவது குறையும். மோட்டார் சிறியதாக இருந்தால் உறிஞ்சுவது நின்றே போய், தண்ணீர் உரத் தொட்டிக்குள் திரும்பி நுழையவும் கூடும். ஆகவே கலப்பான் வைத்த அன்றே, 10 லிட்டர் குறியிட்ட வாளியில் உறிஞ்சு குழாயைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். 10 நிமிடத்தில் காலியானால் மணிக்கு 60 லிட்டர். கடைசி டிரிப்பரில் ஒரு கிலோ அழுத்தம் நிற்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். இரண்டும் சரிப்படவில்லை என்றால் அந்த மோட்டாருக்குக் கலப்பான் ஒத்துவராது.

மீட்டர்கள் காட்டும் எண்களை மோட்டார் அறைச் சுவரில் சாயத்தால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பிறகு வரும் மாற்றத்தை அதைக் கொண்டுதான் அறிய முடியும்.

கிணற்றைக் காக்க

நான்ரிட்டர்ன் வால்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உரம் போய்க் கொண்டிருக்கும்போது நடுவில் மின்சாரம் நின்றால், மேட்டில் இருக்கும் தண்ணீர் குழாய் வழியே கிணற்றுக்குத் திரும்பும். அதோடு உரத் தொட்டியில் இருப்பதும் இழுக்கப்பட்டு, தொட்டி முழுவதும் கிணற்றில் இறங்கிவிடலாம். அதே கிணற்றில் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நைட்ரேட் மிகுந்த தண்ணீர் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராண வாயுவைச் சுமப்பதையே கெடுக்கக் கூடியது. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். மோட்டாருக்கு அடுத்து ஒரு நான்ரிட்டர்ன் வால்வு, அதை அடுத்து ஒரு காற்று வால்வு, வென்சுரியின் உறிஞ்சு குழாயில் இன்னொரு சிறிய தடுப்பு வால்வு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உரத் தொட்டியை மேடை மேல் வைக்காமல், மெயின் குழாயைவிடத் தாழ்ந்த இடத்தில் வைத்தால் தானாக இறங்குவது நின்றுவிடும். உரம் விடும் நேரத்தில் ஓர் ஆள் அங்கே இருப்பதற்கு ஈடான வால்வு எதுவும் இல்லை.

எதைக் கரைக்கலாம்?

கலப்பான் கரைந்ததைத்தான் கலக்கும், கரையாததைக் கரைக்காது. சூப்பர் பாஸ்பேட் இதற்கு ஆகாது. டி.ஏ.பி. வண்டல் தங்கும்; வேறு வழி இல்லை என்றால் முதல் நாள் மாலையே ஊற வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து வடிகட்டி எடுக்க வேண்டும். சிவப்புப் பொட்டாஷில் உள்ள செம்மண் டிரிப்பரை அடைக்கும். வெள்ளைப் பொட்டாஷே ஏற்றது. யூரியாவும் பொட்டாஷும் கரையும்போது தண்ணீர் சில்லிட்டுப் போகும். சில்லிட்ட தண்ணீரில் கரைவது குறையும். கலக்கிவிட்டு அரை மணி நேரம் விட்டு மறுபடி கலக்கினால் முழுவதும் கரையும்.

கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரங்களுடனோ 12-61-0, 19-19-19 போன்ற மணிச்சத்து உரங்களுடனோ ஒரே தொட்டியில் போடக் கூடாது. ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு முதலில் பிடிப்பது வென்சுரியின் குறுகிய கழுத்தையும் கலப்பானின் தகட்டையும்தான். கால்சியத்தைத் தனி நாளில் விட வேண்டும். சந்தேகம் இருந்தால், விடப்போகும் அளவில் கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். பால் போலக் கலங்கினாலோ அடியில் படிந்தாலோ அந்தச் சேர்க்கை வேண்டாம்.

விடும்போது முதல் கால் பங்கு நேரம் வெறும் தண்ணீர், நடுவில் பாதி நேரம் உரம், கடைசிக் கால் பங்கு நேரம் மறுபடி வெறும் தண்ணீர் என்று வைத்துக் கொள்ள வேண்டும். மெயினிலிருந்து கிளம்பிய உரம் பக்கக் குழாயின் கடைசி டிரிப்பரை அடையவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஆகவே கடைசித் தண்ணீர் அரை மணிக்குக் குறையாமல் ஓடட்டும். தொட்டி காலியாகுமுன் உறிஞ்சு வால்வை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் வென்சுரி காற்றை இழுத்துக் குழாய்க்குள் அனுப்பும்.

அமிலம் விடும்போது

உப்புப் படிந்த டிரிப்பர்களைத் திறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறார்கள். கலப்பான் மிகவும் உதவுவது இங்கேதான். கலக்காத அமிலச் சரடு வழியில் உள்ள உலோக வால்வையும் வடிகட்டி வலையையும் அரித்துவிடும். உலோக வடிகட்டியானால் அமிலத்தை அதற்கு அப்பால்தான் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்துவோர் கலப்பானையும் வடிகட்டிக்குப் பிறகே வைத்துக் கொள்ளலாம்.

எவ்வளவு அமிலம் வேண்டும் என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். பக்கத்துத் தோட்டக்காரர் விட்ட அளவைக் கேட்டு விடுவது தவறு. 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, அமிலத்தைச் சில மில்லிலிட்டராகச் சேர்த்துக் கலக்கி, சோதனைத் தாள் 4 காட்டும் வரை எவ்வளவு ஆயிற்று என்று பார்த்து, அந்த விகிதத்தில் கணக்கிட வேண்டும். கடைசி டிரிப்பரிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, ஓர் இரவு விட்டு, மறுநாள் பக்கக் குழாய்களின் முனைகளைத் திறந்து கழுவ வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடுகிறவர்கள் அமிலம் விட்ட தொட்டியையே அதற்கும் எடுத்துவிடக் கூடாது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் மூச்சைப் பிடிக்கும் நச்சுப் புகையான குளோரின் கிளம்பும். மூடிய மோட்டார் அறையில் இது உயிருக்கே ஆபத்து. யூரியா, அம்மோனியா உரங்களோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. வேலைகளைத் தனித்தனி நாட்களில் வைத்துக் கொண்டு, நடுவில் குழாயை வெறும் தண்ணீரால் நன்கு கழுவிவிட வேண்டும்.

பராமரிப்பு

அசையும் பாகம் இல்லாததால் கலப்பானுக்குத் தேய்மானம் குறைவு. அதனாலேயே அதை மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை இரண்டு பிரஷர் மீட்டர்களையும் பார்த்து, சுவரில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டால் போதும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முன்பைவிட ஏறிக் கொண்டே போனால் தகட்டில் ஏதோ சேர்கிறது. மாறாக, வித்தியாசம் திடீரென்று குறைந்துவிட்டால் மகிழ வேண்டாம்; தகடு உடைந்து இடம் பெயர்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரே குறைந்திருக்கலாம்.

பயிர் முடிந்ததும் யூனியனைக் கழற்றிக் கலப்பானை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கழற்றுமுன் மோட்டாரை நிறுத்தி, குழாயில் உள்ள அழுத்தத்தை ஒரு வால்வு வழியே விட்டுவிட வேண்டும். கலப்பானின் மேல் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறியும், மேல்பக்கத்துக்கு ஒரு கோடும் போட்டுக் கொண்டால் மறுபடி அதே போலப் பொருத்தலாம். நார் மாட்டியிருந்தால் கையால் எடுத்துவிட வேண்டும். பழுப்பு வழவழப்பு இருந்தால் நைலான் தூரிகையால் தேய்க்க வேண்டும். வெள்ளைப் படிவு என்றால், பிளாஸ்டிக் தொட்டியில் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தைச் சேர்த்து, நுரை அடங்கும் வரை அதில் ஊற வைத்துக் கழுவினால் போய்விடும். வினிகர் கிடைத்தால் அதுவும் ஆகும், நேரம்தான் கூடுதலாகும்.

வென்சுரியையும் அதே நாளில் கழற்றி அதே கரைசலில் போட்டுவிடலாம். அதன் கழுத்து அடைத்தால் கம்பியோ ஆணியோ விட்டுக் குத்தக் கூடாது. அந்த வழவழப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். பிறகு அதற்கு வைத்தியம் இல்லை, புதிது வாங்க வேண்டியதுதான். உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள சிறு வலையையும் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் வெயிலில் வெடித்தோ எலி கடித்தோ இருந்தால், உரத்துக்குப் பதில் காற்றை இழுக்கும். உரம் இறங்கவில்லை என்று கேட் வால்வை இன்னும் இன்னும் மூடுபவர்கள் முதலில் இந்தக் குழாயைத் தடவிப் பார்க்கலாம். உறிஞ்சும்போது குழாய்க்குள் குமிழி ஓடினால் ஓட்டை இருப்பது நிச்சயம்.

ரப்பர் வாஷர்கள் அமிலத்திலும் உரத்திலும் விறைத்துப் போகும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடலாம். பி.வி.சி. வெயிலில் நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், திறந்த வெளியில் இருக்கும் இணைப்புகளின் மேல் ஒரு கீற்றாவது போட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி பூட்டியதும் வாளிச் சோதனையையும் கலர்க் கிண்ணச் சோதனையையும் ஒரு முறை செய்துவிட்டு, கிடைத்த எண்களைப் பழைய எண்களுக்குக் கீழே தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.